மேட்டைப் பிடித்து நிறுத்துவது யார்?

இரண்டு மேடுகள்

கோலார் தங்கவயலிலிருந்து செப்டம்பர் திருவிழாவுக்கு வேளாங்கண்ணி போய்வரும் குடும்பங்கள் உண்டு. கடற்கரையில் கால் நனைத்துவிட்டுத் திரும்பும்போது அவர்களில் யாராவது ஒருவருக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும். நாகை முதல் கோடியக்கரை வரை கடலோரத்தில் மணல் மேடுகள் நிற்கின்றன. கடல்காற்று ஓயாமல் அவற்றின்மேல் அடிக்கிறது. செடி மூடிய மேடுகள் அப்படியும் இடம்விட்டு நகர்வதில்லை. அவற்றின் மறைவில் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள், கிணறு தோண்டுகிறார்கள், சவுக்கு வளர்க்கிறார்கள்.

ஊர் திரும்பினால் அங்கேயும் மேடுகள்தான். மாரிகுப்பத்தையும் சாம்பியன் ரீஃபையும் ராபர்ட்சன்பேட்டையையும் சுற்றிச் சாம்பல் நிறத்தில் நிற்பவற்றை ஊரார் சயனைடு மலை என்கிறார்கள். ஆடிக்காற்று தொடங்கிவிட்டால் அந்த மலைகள் எழுந்து ஊருக்குள் வந்துவிடுகின்றன. கொடியில் காயும் துணியிலும், மூடாத தண்ணீர்க் குடத்திலும், குழந்தையின் மூச்சிலும் அந்தப் பொடி இருக்கிறது.

இரண்டுமே துகள்களின் குவியல்தான், இரண்டின்மேலும் காற்று அடிக்கத்தான் செய்கிறது. அப்படியிருக்க ஒன்று நிற்கிறது, மற்றொன்று பறக்கிறது. ஏன்? இதற்கான விடை கடலோரத்தில் கணுக்கால் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும், யாரும் குனிந்து பார்க்காத ஒரு கோரையிடம் இருக்கிறது.

ஒரு துகளின் பயணம்

கோரையைப் பார்க்கும் முன் மணலைப் பார்த்துவிட வேண்டும். அலை ஒதுக்கிப் போட்டு, வெயிலில் காய்ந்த ஒரு மணல்துகளை எடுத்துக்கொள்வோம். அதன் குறுக்களவு கால் மில்லிமீட்டர். காற்று மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும்வரை அது அசையாது. அந்த வேகத்தைத் தாண்டியதும் சற்று உருளும், பிறகு சட்டென்று மேலே எழும். எழுந்த துகளைக் காற்று முன்னே தள்ளும். சில சென்டிமீட்டர் உயரத்தில் வளைந்து பறந்து, வேகத்தோடு மீண்டும் தரையில் வந்து மோதும்.

எல்லாம் அந்த மோதலில்தான் இருக்கிறது. கேரம் பலகையில் அடிகாய் பட்டதும் மற்ற காய்கள் சிதறுவதைப்போல, விழுந்த துகள் தன்னைச் சுற்றியுள்ள துகள்களை எழுப்பிவிடுகிறது. எழுந்தவற்றையும் காற்று தூக்கிச் செல்கிறது, அவையும் விழுந்து வேறு துகள்களை எழுப்புகின்றன. மணல் இப்படித் தாவித் தாவிப் போவதைத் துள்ளல் நகர்வு என்று சொல்வோம். மணல் மேகம்போல் வானில் பறப்பதாக நமக்குத் தோன்றினாலும், அதன் பெரும்பகுதி முழங்கால் உயரத்துக்குள்ளேயே துள்ளிச் செல்கிறது.

இதை அளந்து காட்டியவர் ரால்ஃப் பேக்னால்டு என்ற ஆங்கிலேய ராணுவப் பொறியாளர். 1920களிலும் 30களிலும் எகிப்து, லிபியப் பாலைவனங்களில் கார் ஓட்டித் திரிந்தவர் அவர். பிறகு லண்டனில் ஒரு காற்றுச் சுரங்கம் அமைத்து, மணலை அதில் ஓடவிட்டுப் பார்த்தார். 1941இல் வெளிவந்த அவருடைய நூல் இன்றும் இந்தத் துறைக்கு அடித்தளம். துள்ளி வரும் துகள் தன்னைப்போல் ஆறு மடங்கு குறுக்களவும் இருநூறு மடங்குக்கு மேல் எடையும் உள்ள துகளைக்கூட மோதி நகர்த்திவிடும் என்று அவர் கண்டார்.

மாவுபோல் நுண்ணிய தூளின் இயல்பு வேறு. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான துகள் ஒருமுறை மேலே எழுந்துவிட்டால் எளிதில் விழாது. காற்றில் மிதந்தபடி பல கிலோமீட்டர் போகும். ஆனால் அது தானாக எழுவது கடினம். நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அவை சேர்ந்த பரப்பு வழவழப்பாக இருப்பதால் காற்றுக்குப் பிடிப்பு கிடைப்பதில்லை. அந்தத் தூளை எழுப்புவது அதன்மேல் வந்து விழும் மணல்துகளின் அடிதான். மணலும் மாவும் கலந்து கிடக்கும் இடத்தில்தான் புழுதி மிகுதியாகக் கிளம்பும். தங்கவயலுக்கு வரும்போது இந்த ஒரு செய்தி நமக்கு வேண்டியிருக்கும்.

கோரை என்ன செய்கிறது?

நம் துகள் துள்ளிக்கொண்டே கரையேறுகிறது. சிறிது தூரத்தில் விறைத்த, தடித்த இலைகளோடு ஒரு சிறு கோரை நிற்கிறது. இதன் அறிவியல் பெயர் சைபரஸ் அரேனேரியஸ். இந்த அத்தியாயத்தில் இதை மணற்கோரை என்று அழைப்போம். பத்தமடைப் பாய்க்குக் கோரையும் மருந்துக்கு முத்தக்காசும் தரும் அதே சைபரஸ் பேரினத்தைச் சேர்ந்தது. பாய்க்கோரை ஆற்றோர ஈரத்தில் வளரும், மணற்கோரையோ உப்புக்காற்று அடிக்கும் வெறும் மணலில் வளரும். தமிழகக் கடற்கரையிலும் இலங்கைக் கரையிலும் இராவணன் மீசைக்கும் அடும்புக் கொடிக்கும் அருகில் இதைப் பார்க்கலாம். 1780களில் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் ரெட்சியஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார்.

தரையோடு உரசி வரும் காற்று அந்த இலைகளில் இடறுகிறது. இலைகளுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்துக்குக் காற்றின் வேகம் தளர்ந்துவிடுகிறது. துள்ளி வந்த துகள் அந்த இடத்தில் விழுகிறது. அதை மீண்டும் எழுப்பும் வேகம் அங்குள்ள காற்றுக்கு இல்லை. அடுத்த துகளும் அங்கேயே விழுகிறது. சில நாட்களில் செடிக்குப் பின்னால் நீண்டு குவிந்த ஒரு மணல் வால் உருவாகிறது. கடற்கரையில் குனிந்து பார்த்தால் ஒவ்வொரு செடியின் பின்னும் இந்த வாலைக் காணலாம். அது எந்தப் பக்கம் நீண்டிருக்கிறதோ அந்தப் பக்கம்தான் காற்று போயிருக்கிறது.

ஒரு செடி ஒரு வாலைத்தான் உண்டாக்கும். மேடு எழும்ப வேண்டுமானால் செடிகள் வரிசையாக நிற்க வேண்டும். மணற்கோரை அந்த வரிசையைத் தானே நட்டுக்கொள்கிறது.

மணலுக்கடியில் ஓடும் கயிறு

மணற்கோரை நிற்கும் இடத்தில் மணலை மெல்ல விலக்கிப் பாருங்கள். தனித்தனிச் செடிகளாகத் தெரிந்தவை கீழே ஒரே தண்டில் கோத்திருக்கும். மண்ணுக்குள் படுக்கையாக ஓடுவதால் அதைக் கிடைத்தண்டு என்று சொல்லலாம். செதில்கள் மூடிய அந்தத் தண்டின் முனை மணலைத் துளைத்துக்கொண்டு முன்னேறுகிறது. வழியில் இடைவெளி விட்டு, கணுக்களிலிருந்து மேலே இலைக்கொத்தையும் கீழே வேரையும் விடுகிறது. மேலே இருந்து பார்த்தால் நூல் பிடித்து நட்டதுபோல் நேர்வரிசையில் கோரைகள் நிற்பதன் காரணம் இதுதான்.

இந்த உடலமைப்பை ஐரோப்பியக் கடற்கரைகளில் வாழும் காரெக்ஸ் அரேனேரியா என்ற வேறொரு கோரையில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் ஏறத்தாழ நான்கு கணுவுக்கு ஒரு தளிர் வெளியே வருகிறது. அதன் வேர்களிலும் இரண்டு வகை உண்டு. தடித்த வேர்கள் ஆழத்திலுள்ள ஈரத்தைத் தேடிப் போகின்றன. மெல்லிய வேர்கள் மேல்மட்டத்திலேயே பரவிக் கிடைக்கும் சத்தைச் சேகரிக்கின்றன. குறியிட்ட கார்பனையும் சாயநீரையும் தண்டின் ஒரு பகுதியில் ஏற்றிப் பார்த்தபோது, அவை பல தளிர்களைத் தாண்டி வளரும் முனையை நோக்கிச் சென்றன. ஈரமான பள்ளத்தில் வேர் ஊன்றிய பழைய தளிர், வறண்ட உச்சியில் ஏறும் இளந்தளிருக்குத் தண்ணீரும் உணவும் அனுப்புகிறது. தனியாக முளைத்த விதை பிழைக்க முடியாத இடத்தில் கோரை பிழைப்பது இந்தப் பங்கீட்டால்தான்.

மேடு நிலைப்பதற்கும் இந்தக் கயிறுதான் காரணம். மேற்பரப்பில் இலை காற்றைத் தடுக்கிறது. கீழே தண்டும் வேரும் துகள்களுக்கு இடையே புகுந்து, மணலை வலைபோட்டதுபோல் பிணைக்கின்றன.

புதைந்தால் வாழும்

ஒரு சந்தேகம் வரலாம். மணலைச் சேர்த்துக்கொண்டே போனால் கோரை அதிலேயே புதைந்துவிடாதா?

புதையத்தான் செய்யும். வயலில் வளரும் பயிராக இருந்தால் செத்துப்போகும். மணல்மேட்டுச் செடிகள் புதையும்போதுதான் துடிப்போடு வளர்கின்றன. மேலே மணல் ஏறியதும் கணுவிலிருந்து புதுத் தளிர் மேல்நோக்கிக் கிளம்பி வெளிச்சத்தை எட்டிவிடுகிறது. அந்த உயரத்திலிருந்து புதிய கிடைத்தண்டு பக்கவாட்டில் ஓடுகிறது. மணல் மீண்டும் ஏற, கோரையும் மீண்டும் ஏறுகிறது. மேடு வளரும் வேகமும் செடி வளரும் வேகமும் கைகோத்துப் போகின்றன.

மணல் வரத்து நின்றுவிட்டால் இத்தகைய செடிகள் நலிவதையும் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஐரோப்பிய மணல்மேடுகளைக் கட்டுவதில் முதன்மையானது மார்ரம் என்ற புல். மேடு வளர்வது நின்ற பிறகு அந்தப் புல் ஏன் வாடுகிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. நெதர்லாந்தின் விம் ஃபான் டெர் புட்டனும் அவருடைய குழுவினரும் 1993இல் நேச்சர் இதழில் விடை சொன்னார்கள். ஒரே மண்ணில் வேர் நெடுநாள் இருந்தால், அந்த வேரைத் தாக்கும் புழுக்களும் பூஞ்சைகளும் அங்கே பெருகிவிடுகின்றன. புதிதாக வந்து விழும் மணலில் அந்த எதிரிகள் இல்லை. வேர் ஒவ்வோர் ஆண்டும் தூய மணலுக்குக் குடிபெயர்ந்து நோயிலிருந்து தப்பிக்கிறது.

ஆகவே கடலோர மணல்மேடு செடி ஏறி உட்கார்ந்த ஒரு குவியல் என்று நினைப்பது தவறு. செடி இல்லாவிட்டால் அந்த மேடே இல்லை. வரும் மணலை வாங்கி அடுக்கி, தன் உயரத்தையும் மேட்டின் உயரத்தையும் சேர்த்தே கூட்டிக்கொள்ளும் ஓர் உயிரின் படைப்பு அது.

கல்லிலிருந்து மாவு

இனி தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே சுரங்கப் பணியை ஏற்றது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. இடைப்பட்ட 120 ஆண்டுகளில் 5 கோடி டன்னுக்கு மேல் தாதுக்கல் மேலே வந்தது, அதிலிருந்து சுமார் 800 டன் தங்கம் கிடைத்தது. கணக்குப் போட்டால் ஒரு டன் கல்லுக்கு ஏறத்தாழ 16 கிராம். ஒரு பவுன் தங்கத்துக்கு அரை டன் கல்! அந்தக் கல்லை மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கி உடைத்து எடுத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, தருமபுரி, சேலம் பக்கத்திலிருந்து போன தமிழர்கள்.

கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் சிதறிக் கிடக்கும் தங்கத்தைப் பிரிக்க, கல்லை முதலில் பொடியாக்க வேண்டும். 1887இல் கிளாஸ்கோவில் உருவான சயனைடு முறை பின்னர் இங்கும் வந்தது. பொடித்த கல்லைச் சயனைடு கலந்த நீரில் ஊறவைத்தால் தங்கம் கரைந்து நீரோடு வந்துவிடும், மிச்சப் பொடியை வெளியே கொட்டிவிடுவார்கள். அப்படிக் கொட்டியதே சயனைடு மலை. இப்போது 13 மேடுகளில் சுமார் 3.3 கோடி டன் பொடி கிடக்கிறது.

பெயரில் சயனைடு இருந்தாலும், திறந்த வெளியில் கிடக்கும் சயனைடு வெயிலிலும் காற்றிலும் பெரும்பாலும் சிதைந்துவிடும். நீடித்து நிற்கும் தொல்லை பொடியிலேயே இருக்கிறது. அதன் பெரும்பகுதி சிலிக்கா அடங்கிய கல். சிலிக்காவின் நுண்தூள் நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் என்ற மாறாத நோயை உண்டாக்கும். இந்தியாவில் அந்த நோய் முதன்முதலில் மருத்துவப் பதிவுக்கு வந்தது 1940களில், இதே கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம்தான். சுரங்கத்துக்குள் அந்தத் தூளைச் சுவாசித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஊருக்குள் நடமாடும்போது மலையிலிருந்து வரும் தூளைச் சுவாசிக்கிறார்கள்.

அதே துகள், சயனைடு மலையில்

நாம் தொடர்ந்து வந்த கால் மில்லிமீட்டர் துகளை இப்போது இந்த மேட்டின்மேல் வைப்போம். ஆடிக்காற்று அடிக்கிறது. துகள் எழுகிறது, துள்ளுகிறது. அதைத் தடுக்க ஓர் இலைகூட இல்லை. மொட்டை உச்சியின் குறுக்கே ஓடும் காற்று அதைத் தொடர்ந்து தள்ளுகிறது. துகள் விழும் ஒவ்வோர் இடத்திலும் கீழே மாவுபோன்ற பொடி இருக்கிறது. மணல்துகளின் அடி பட்டு அந்தப் பொடி கிளம்புகிறது. துகள் மேட்டின் ஓரம்வரை போய்ச் சரிவில் விழுந்துவிடும், அது எழுப்பிவிட்ட தூளோ ஊர்மேல் மிதக்கும்.

கடற்கரை மணலை அலையும் காற்றும் நெடுங்காலமாகச் சலித்துச் சலித்து, மாவையெல்லாம் அகற்றிவிட்டன. ஆலையில் அரைபட்ட பொடியை யாரும் சலிக்கவில்லை. துள்ளக்கூடிய மணலும் மிதக்கக்கூடிய மாவும் அதில் ஒன்றாகக் கிடக்கின்றன. புழுதி எழுவதற்குத் தேவையான இரண்டு பொருள்களும் ஒரே குவியலில் சேர்ந்திருக்கின்றன, மூடுவதற்குச் செடி மட்டும் இல்லை.

மழைக்காலத்தில் வேறு சேதம். செங்குத்தான சரிவில் வழியும் நீர் பொடியை அரித்து வாய்க்கால் வாய்க்காலாகக் கீறுகிறது. கீறிய பொடி ஓடைகளிலும் ஏரிகளிலும் போய்ச் சேருகிறது. ஓராண்டில் ஒரு விதை முளைத்தாலும் அடுத்த மழையில் அதன் வேர் வெளியே வந்துவிடும்.

மணற்கோரையை இங்கே நட்டால்?

கேட்கத் தோன்றும் அடுத்த கேள்வி இது. வேளாங்கண்ணியிலிருந்து ஒரு மூட்டை மணற்கோரை கொண்டுவந்து நட்டால் மலை அடங்கிவிடாதா?

அடங்காது. மணற்கோரை கேட்பது மேலே வந்து விழும் மணல். சயனைடு மலையின் உச்சியில் மணல் வருவதில்லை, போகிறது. புதைய வேண்டிய கிடைத்தண்டு அங்கே வெளியே தெரிந்து காய்ந்துவிடும்.

பொடியின் உள்ளமைப்பும் பொருந்தாது. கடற்கரை மணலில் துகள்களுக்கு இடையே இடைவெளி உண்டு, அதன் வழியாக வேருக்குக் காற்று கிடைக்கிறது. மேலே இரண்டு மூன்று அங்குலம் காய்ந்திருந்தாலும் அதற்குக் கீழே ஈரம் தங்கும். அரைத்த பொடியோ நனைந்தால் இறுகிவிடும், காய்ந்தால் ஓடுகட்டிவிடும்.

வேதியியலும் வேறு. எல்லா மேடும் ஒரே மாதிரியில்லை. தங்கவயலின் கிழக்கே ஓடும் சாம்பியன் பாறைவரிசையில் குவார்ட்சு மிகுதி. மேற்கேயுள்ள வரிசைகளில் கந்தகம் கலந்த கனிமங்கள் கூடுதல். அத்தகைய கனிமங்கள் காற்றும் நீரும் பட்டால் அமிலத்தை உண்டாக்கும். எந்த மேட்டில் எது முளைக்கும் என்பதை அந்தந்த மேட்டின் பொடியைச் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்படியானால் கடற்கரையிலிருந்து நாம் கொண்டுவர வேண்டியது என்ன? கோரை செய்யும் வேலைகளின் வரிசை. முதலில் தரைமட்டக் காற்றைத் தளர்த்துவது, பிறகு பக்கவாட்டில் படர்வது, கடைசியாகத் துகள்களைப் பிணைப்பது. இந்த வரிசையைப் பின்பற்றி வென்ற இடங்கள் உலகில் இருக்கின்றன.

வைக்கோல் கட்டமும் அருகம்புல்லும்

சீனாவின் டெங்கர் பாலைவனத்தின் விளிம்பில் ஷாபோடூ என்ற இடம். 1958இல் திறக்கப்பட்ட பாவ்டோ–லான்ஜோ ரயில் பாதை அங்கே நகரும் மணல்மேடுகளின் ஊடே போகிறது. பாதையை மணல் மூடாதிருக்க, வைக்கோலை மணலில் செருகி ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டங்களாக வேலி போட்டார்கள். வேலியின் உயரம் ஒரு சாண்கூட இல்லை. துள்ளும் மணலைப் பிடிக்க அந்த உயரம் போதும் என்பது துகளின் பயணத்தைப் பார்த்த நமக்கு வியப்பாக இருக்காது. கட்டத்துக்குள் மணல் அடங்கியதும் வறட்சி தாங்கும் புதர்களை நட்டார்கள். ஆண்டுகள் போகப் போக, மணலின்மேல் பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்த மெல்லிய தோல் ஒன்று தானாகவே படர்ந்தது. கோரை இலையின் வேலையை முதலில் காய்ந்த வைக்கோல் செய்தது, உயிருள்ள செடிகள் பின்னால் வந்து பொறுப்பேற்றன.

தங்கவயலுக்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு ஜோகன்னஸ்பர்க். அதுவும் தங்கச் சுரங்க நகரம், அங்கேயும் சுரங்கப் பொடி ஊர்மேல் பறந்தது. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் அங்குள்ளவர்கள் மேடுகளுக்குப் புல் போர்த்தப் பழகினார்கள். நாணலை வரிசையாக நட்டுக் காற்றைத் தடுத்தார்கள். பனித்தூவல்போல் மெல்லிய நீரைத் தெளித்து, மேல்மட்ட அமிலத்தைக் கீழே இறக்கினார்கள். சுண்ணாம்பும் உரமும் இட்டார்கள். அதன்பின் பலவகைப் புல்விதைகளைக் கலந்து தூவினார்கள். அவற்றில் நம் அருகம்புல்லும் ஒன்று.

அருகம்புல் கடற்கரைச் செடி இல்லை, கோரையும் இல்லை. ஆனாலும் அதன் உடம்பு கோரையின் உடம்பைப் போன்றது. தரைக்கு மேலும் கீழும் தண்டு ஓடும், கணுவுக்குக் கணு வேர் விடும், வெட்டினாலும் துண்டு துண்டாகப் பிழைக்கும். உலோகம் கலந்த சுரங்கக் கழிவிலும் அது வளர்வதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். சரிவுகளுக்கு வெட்டிவேர் உதவும். செங்குத்தாக ஆழம் இறங்கும் வேரும், நெருக்கமாக நட்டால் வேலிபோல் நிற்கும் தூரும் அதற்கு உண்டு. அமிலத்தையும் உலோகத்தையும் தாங்குவதால் உலகெங்கும் சுரங்க மேடுகளில் அதை நடுகிறார்கள். இரண்டுமே தங்கவயல் மக்களுக்குப் பெயர் சொல்லித் தெரிய வேண்டியதில்லாத செடிகள்.

மேடு இடம் மாறினாலும்

அந்தப் பொடியில் இன்னும் தங்கம் மிஞ்சியிருக்கிறது. 13 மேடுகளையும் மீண்டும் தோண்டி அதை எடுக்கும் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஒரு டன் பொடியில் இருக்கும் தங்கம் ஒரு கிராமுக்கும் குறைவு. அதாவது தங்கத்தை எடுத்த பிறகும் மூன்று கோடி டன்னுக்கு மேலான பொடி மிஞ்சும். மறுபடியும் அரைபட்டால் இப்போது இருப்பதைவிட நுண்ணிய பொடியாக மிஞ்சும். அது எங்கே கொட்டப்படும், எப்படி மூடப்படும் என்பதில்தான் ஊரின் மூச்சு இருக்கிறது.

கடலோரக் கோரை மேடு முழுதாக எழும்வரை காத்திருந்து அதன்பின் ஏறுவதில்லை. முதல் கைப்பிடி மணல் விழும்போதே அங்கே இருக்கிறது. தங்கவயலில் மேடு முதலில் வந்தது, நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் செடி வரவில்லை. புதிய குவியல் எழுமானால் இந்த வரிசை மாற வேண்டும். சரிவைத் தணித்துக் கொட்டுவது, ஒவ்வோர் அடுக்கிலும் காற்றுத்தடை போடுவது, சோதித்த பொடிக்கு ஏற்ற மண்ணும் புல்லும் இடுவது ஆகிய மூன்றையும் சுரங்க உரிமம் பெறுபவரின் கடமையாகத் தொடக்கத்திலேயே ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். தங்கம் எடுத்து முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அதற்குப் பணமும் இருக்காது, பொறுப்பேற்க ஆளும் இருக்காது. தங்கவயல் மக்கள் இதைக் கேட்டுப் பெற வேண்டும். அப்படிக் கேட்பதற்கான அறிவியல் நியாயம் அவர்கள் பக்கம் இருக்கிறது.